எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு மான்

சங்குமுனை விளையாட்டுக் கழகத்தின்
கூட்டறிக்கைக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது.
மூன்று இடப்பெயர்வும் ஒரு கடலும் கண்ட கொப்பி.
உப்பூறி, பக்கங்கள் அப்பளம்போல் நெளிந்து,
கறுப்பு மை நீலமாகி
நீலம் ஒன்றுமில்லாமலாகி.
பொருளாளரின் கையொப்பம் மட்டும்
இன்னும் தெரிகிறது. அது நான்.

அந்த நாளுக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்:
'இறுதிப் போட்டி. 0–1.
தேநீர்ச் செலவு முப்பத்தெட்டு ரூபா.'

மானைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்.
மைதானத்துக்கு மான் வருவது
இந்த ஊரில் புதினமில்லை,
மூலைக்கொடியைச் சப்பாமல் போனால்தான் புதினம்.
ஆனால் தண்ட உதைக்கென்று
குலராசா மூன்று எட்டுப் பின்வாங்கி நிற்கையில்
வலைக்குப் பின்னால் வந்து நின்று
அவனையே பார்த்தது.
அவனும் பார்த்தான்.
பந்து மடத்தடிப் பக்கமாய்ப் போய்
யாருடையதோ பாண் பெட்டிச் சைக்கிளை விழுத்தியது.

அந்த மான் இன்னும் இரண்டு வாய்
புல் மேய்ந்துவிட்டு வந்திருந்தால்?

அதற்கும் முன்னால் போகலாம்.
மூதூர் லோஞ்ச் நடுக்கடலில் நின்றிராவிட்டால்
நைமுதீன் இரண்டரைக்கே வந்திருப்பான்.
கையுறையும் சோற்றுப் பார்சலுமாய்
அவன் இறங்குதுறையில் கால் வைத்தபோது
பாதி ஆட்டம் முடிந்திருந்தது.
அதுவரை கோலில் நின்றது நான்.
அந்த ஒன்று
என் கால்களுக்கிடையால் போனதுதான்.
அதையும் எழுதவில்லை.
கொப்பி என் கையிலல்லவா இருந்தது.

இன்னும் முன்னால்.
ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்புறம் ஒன்றரை ஏக்கர்,
தவணைக்குத் தருகிறேன் என்றார் பியதாச முதலாளி.
நாங்கள் ஜேர்சி வாங்கினோம்.
முதல் மழையில் சாயம் கரைந்து
பதினொரு பேரும்
பீற்றூட் அரிந்தவர்கள்போல நின்றோம்.
அங்கே இப்போது ஒரு ஹோட்டல்.
நடுவட்டம் வந்திருக்கவேண்டிய இடத்தில்
நீச்சல் தடாகம்.
வெள்ளைக்காரப் பிள்ளையொன்று
பந்தைப் பிடித்தபடி மிதக்கிறது.

போன மார்கழியில்
குலராசா ரொறன்ரோவிலிருந்து எடுத்தான்.
'அது உள்ளுக்குப் போயிருந்தால், மச்சான்?'
கேட்கக் கூடாது என்றுதான்
நாற்பது வருசம் இருந்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
'போயிருந்தா மேலதிக நேரம்.
அதில வெண்டிருந்தா கொழும்புக்கு நைட் மெயில்.
எந்தக் கிழமை எண்டு
யோசிச்சுப் பார்.'

யோசித்தேன்.
எண்பத்து மூன்று. ஆடி.
பதினைந்து பெடியள், இரண்டு பந்து,
சங்குமுனை வி.க., திருகோணமலை என்று
தமிழில் பெயின்ற் அடித்த பெரிய பை,
கோட்டை ஸ்டேஷனில், காலை.

அப்படியென்றால் மான் எங்களைக் காப்பாற்றியது என்று
ஒரு மாதம் நம்பினேன்.
கோட்டைக்குள் போய், வெட்கத்தை விட்டு,
ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தேன்.
எந்த மானுக்கென்று தெரியாமல்.

பிறகு எட்வின் ஞாபகம் வந்தான்.
இடது ஓரத்தில் ஓடுகிற எட்வின்,
பந்து வராவிட்டாலும் ஓடுகிறவன்.
அவன் கொழும்புக்குப் போகவில்லை.
அதே கிழமை, இந்த ஊரில்,
தன் வீட்டுப் படலையைப் பூட்டப் போனான்.
அவ்வளவுதான்.
நைட் மெயிலில் ஏறியிருந்தால்
ஒருவேளை

பொருளாளர் நான்.
இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன்.
இந்தப் பக்கம் பதினாலு, அந்தப் பக்கம் ஒன்று
என்று கணக்கு முடிகிறதா?
எட்வினின் தங்கச்சி இன்னும்
இதே தெருவில்தான் இருக்கிறாள்.
பால் வாங்க வரும்போது தலையசைப்பாள்.

நேற்றிரவு கொப்பியைத் திறந்தேன்.
தேநீர்ச் செலவுக்குக் கீழே இடமிருந்தது.
'முதற்பாதியில் கோலில் நின்றவர்: பொருளாளர்'
என்று எழுதினேன்.
உப்புத் தாள்.
மை ஒரு பூச்சிபோல் கால் விரித்துப் பரவி
நான் பார்த்திருக்கவே
ஒருவராலும் வாசிக்க முடியாததாயிற்று.